பத்துப் பக்கக் கட்டுரையும் ஒரு வரிப் புகழும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என வகுத்துரைத்தார் நன்னூலார். குன்றக் கூறல், மயங்க வைத்தல், மாறுகொளக் கூறல் என்பன அவற்றுட் சில. செய்யுளையும் உரையையும் எடைபோடப் பயன்படும் இவ்வளவுகோல், எண்களும் வாய்பாடுகளும் நிறைந்த அறிவியற் கட்டுரைக்கும் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். நன்கு பொருந்தும் என்பதற்கு, 1957ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் 'டெல்லஸ்' ஆய்விதழில் வெளிவந்த பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றே சான்றாகும்.

அதனை எழுதியோர் இருவர். ஒருவர் ரோஜர் ரெவெல். கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின் தலைவராக அப்போது விளங்கியவர். மற்றவர் ஹான்ஸ் சூஸ். ஆஸ்திரியாவிற் பிறந்த வேதியியல் அறிஞர். புகழ்பெற்ற நிலவியல் வல்லுநர் எட்வர்டு சூஸ் என்பாரின் பேரர். காற்றுக்கும் கடலுக்கும் இடையே கரியமில வாயு எவ்வாறு பரிமாறப்படுகிறது, கடந்த பல்லாண்டுகளிற் காற்றில் அவ்வாயு மிகுந்ததா என்னும் இரண்டு வினாக்களே கட்டுரையின் தலைப்பும் பொருளும்.

இன்று இக்கட்டுரையைப் பெயரளவில் அறிந்தோர் பலர். முழுமையாகப் படித்தோர் சிலர். பெயரளவில் அறிந்தோர் நினைவில் நிற்பது ஒரே ஒரு தொடர். நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரியைச் சில நூற்றாண்டுகளுக்குள் எரித்துக் காற்றிற் கலப்பதன் வாயிலாக, முன்னும் நிகழாத, பின்னும் நிகழ்த்த இயலாத பேராய்வு ஒன்றை மாந்த இனம் நடத்திக்கொண்டிருக்கிறது என்னும் பொருள்பட அத்தொடர் அமைந்துள்ளது. உலகம் வெப்பமுறுவது பற்றிய நூல்களில் அத்தொடர் எடுத்தாளப்படாத நூல் அரிது. எச்சரிக்கை மணியின் முதல் ஓசை அது என்பர்.

அத்தொடர் நின்ற இடத்திலேயே வைத்துப் படிப்போர்க்கு அது மணியோசையாகத் தோன்றாது. அடுத்த தொடரிலேயே, இவ்வாய்வை முறையாகப் பதிவு செய்து வந்தால் வானிலையின் இயல்பை அறிய நல்வாய்ப்புக் கிட்டும் என ஆசிரியர்கள் கூறுகின்றனர். அச்சத்தின் குரல் அன்று அது; அறியும் வேட்கையின் குரல். தனியே பிரித்தெடுக்கப்பட்ட தொடர், தன் இடத்தில் இருந்தபோது இல்லாத பொருளைப் பெற்றுவிடுகிறது. இலக்கியத்திற்கு நேரும் இக்கேடு அறிவியலுக்கும் நேர்ந்துள்ளது. ஆகவே அவ்வொரு தொடரை விடுத்து, கட்டுரையின் உடலை ஆராய்தல் வேண்டும்.

முன்னோர் கொண்டிருந்த நம்பிக்கை

நிலக்கரியை எரிப்பதால் எழும் கரியமில வாயு காற்றிலேயே தங்குமா, கடலுட் புகுமா என்பது பழைய வினா. கரியமில வாயு மிகுந்தால் புவியின் வெப்பம் எவ்வளவு மிகும் என 1896இல் கணக்கிட்டுக் காட்டிய சுவீடன் அறிஞர் அர்ரீனியசு, அவ்வாறு எழும் வாயுவில் ஆறில் ஐந்து பங்கைக் கடலே ஏற்றுக்கொள்ளும் எனக் கருதினார். 1938இல் ஆங்கிலப் பொறியாளர் கை காலண்டர், காற்றிற் கரியமில வாயு மிகுந்தே வருகிறது என்றார். அவர் சொல்லை நம்பினோர் மிகச் சிலரே. அவர் கையாண்ட பழைய அளவைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதன என்பது ஒரு காரணம். கடல் இருக்கும்போது கவலை எதற்கு என்னும் எண்ணம் மற்றொரு காரணம்.

அவ்வெண்ணத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. காற்றில் உள்ள கரியைப் போல் ஏறத்தாழ அறுபது மடங்கு கரி கடல்நீரிற் கரைந்துள்ளது. மலைபோன்ற செல்வமுடையான் வீட்டில் மரக்கால் நெல்லைக் கொட்டினால் குவியல் உயர்ந்ததாகத் தெரியுமா? தெரியாது என்றே பெரும்பாலோர் எண்ணினர். ரெவெலும் சூஸும் இவ்வெண்ணத்தை வெறும் நம்பிக்கையாக விட்டுவிடாமல் அளந்தறிய முற்பட்டனர். அதுவே கட்டுரையின் முதற்சிறப்பு.

கருவியின் சிறப்பு

அவர்கள் கையாண்ட கருவி கதிரியக்கக் கரி. வான்வெளியிலிருந்து வரும் கதிர்களால் காற்றின் மேற்பரப்பில் கார்பன் 14 என்னும் அணு தோன்றுகிறது. 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்தமையால் அவற்றுள் இவ்வணு அறவே இல்லை. எனவே அவற்றை எரிக்க எழும் வாயு காற்றிற் கலக்கும்போது, காற்றிலுள்ள கதிரியக்கக் கரியின் விகிதம் குறைதல் வேண்டும். மரங்கள் காற்றை உண்டு வளர்வதால் அக்குறைவு மரவளையங்களிற் பதிவாகும். இதனை மரங்களைக் கொண்டு மெய்ப்பித்தவர் சூஸ். 'சூஸ் விளைவு' என்றே அது இன்றும் வழங்குகிறது.

விகிதம் குறைந்திருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. அப்படியாயின் பழங்கரியின் பெரும்பகுதி கடலுட் புகுந்து, கடலிலிருந்து கதிரியக்கக் கரி காற்றுக்கு வந்திருத்தல் வேண்டும். இக்கணக்கைக் கொண்டு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறு கடலிற் கரைவதற்கு முன் காற்றில் உலவும் சராசரிக் காலம் ஏறத்தாழ பத்தாண்டு என அவர்கள் முடிவு செய்தனர். அதே இதழில் ஹார்மன் கிரேக் தனியாகவும், ஆர்னால்டு, ஆண்டர்சன் ஆகிய இருவர் சேர்ந்தும் எழுதிய கட்டுரைகளும் பத்தாண்டை ஒட்டிய காலத்தையே காட்டின. மூவகையார் கண்டதும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அந்த எண் பிழையன்று.

பிழை, அவ்வெண்ணிலிருந்து பெற்ற முடிவிலே உள்ளது. தொழிற்புரட்சிக்குப் பின் எழுந்த கரியமில வாயுவின் பெரும்பகுதியைக் கடல் ஏற்றுக்கொண்டிருத்தல் வேண்டும் எனக் கட்டுரையின் சுருக்கவுரை அறிவிக்கிறது. பத்தாண்டில் மூலக்கூறு கடல் புகுகின்றது; ஆதலால் காற்றின் சுமை பத்தாண்டில் இறங்கிவிடும் என்பது போன்ற தோற்றம் படிப்போர் மனத்தில் எழுகிறது. மயங்க வைத்தல் என்னும் குற்றம் இங்கே நேர்கிறது.

குறியிட்ட காசு

சந்தையிற் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர் இருவர் நாள்தோறும் நூறு காசைத் தம்முள் மாற்றிக்கொள்கின்றனர் எனக் கொள்க. முதற்கடைக்காரர் பெட்டியில் சில காசுகளுக்குச் சிவப்பு மை இட்டு வைத்தால், சில நாளில் அக்காசுகள் அவர் பெட்டியிலிருந்து மறைந்து அடுத்தவர் பெட்டிக்குப் போய்விடும். அதனால் அவர் ஏழையாகிவிட்டார் எனலாமா? போன காசுக்கு ஈடாக வேறு காசு வந்துகொண்டே இருக்கிறது. குறியிட்ட காசு எவ்வளவு விரைவில் மறைகிறது என்பது கொடுக்கல் வாங்கலின் விரைவைக் காட்டும். பெட்டியின் இருப்பு குறைகிறதா என்பதைக் காட்டாது.

கதிரியக்கக் கரி குறியிட்ட காசு. காற்றுக்கும் கடலுக்கும் இடையே ஆண்டுதோறும் பெருமளவு வாயு இருபுறமும் சென்று மீள்கிறது. பத்தாண்டு என்பது அப்போக்குவரத்தின் விரைவு. காற்றில் மிகுதியாகச் சேர்ந்த சுமை எத்தனை ஆண்டில் இறங்கும் என்பது வேறு வினா. முதல் வினாவுக்கு ஏற்ற கருவியைக் கொண்டு இரண்டாம் வினாவுக்கு விடை கூற முயன்றமையே கட்டுரையின் அடிப்படைத் தடுமாற்றம்.

பிற்காலத்தார்க்கும் இத்தடுமாற்றம் நீங்கவில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் வடகோளக் காற்றிற் கதிரியக்கக் கரி ஏறத்தாழ இரட்டித்தது. வெளியிடச் சோதனைகளை நிறுத்தும் உடன்பாடு ஏற்பட்டபின், அம்மிகுதி பதினைந்து ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழாக இறங்கியது. இதைக் காட்டி, கரியமில வாயு விரைவில் மறைந்துவிடும் என வாதிடுவோர் இன்றும் உளர். மறைந்தது குறியிட்ட காசே. பெட்டியின் இருப்போ அதே காலத்தில் உயர்ந்துகொண்டிருந்தது.

கடலின் வேதியியல்

இருப்பு ஏன் எளிதில் இறங்குவதில்லை? இதற்கும் விடை அதே கட்டுரையில் உள்ளது என்பதே வியப்பு. கடல்நீரிற் கரைந்த கரியில் வாயுவாக நிற்பது நூற்றில் ஒரு பங்கும் இல்லை. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பைகார்பனேட்டாகவும், எஞ்சியது பெரும்பாலும் கார்பனேட்டாகவும் நிற்கின்றன. புதிதாகப் புகும் வாயு, நீரோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. வரும் விருந்தினரை வரவேற்று அமர்த்துவோன் கார்பனேட் எனலாம். அவன் தொகையோ சிறிது. விருந்து பெருகப் பெருக அவன் குறைந்துகொண்டே போகிறான்.

இதன் விளைவைப் பின்வந்தோர் 'ரெவெல் காரணி' என்றனர். அதன் மதிப்பு ஏறத்தாழ பத்து. காற்றில் வாயுவின் அழுத்தம் நூற்றுக்குப் பத்து உயர்ந்தால், அதனோடு தொட்டு நிற்கும் நீரின் மொத்தக் கரி நூற்றுக்கு ஒன்றே உயரும் என்பது அதன் பொருள்.

மாணவர்க்கும் விளங்குமாறு இதைக் கணக்கிட்டுக் காட்டலாம். கடலின் மேற்பரப்பில் நன்கு கலந்து நிற்கும் நீரடுக்கில் உள்ள கரி, காற்றில் உள்ள கரிக்கு ஏறத்தாழ ஒப்பானது. இரண்டிலும் நூறு நூறு பங்கு இருப்பதாகக் கொள்க. புதிதாகப் பதினொரு பங்கைச் சேர்த்தால், பத்து காற்றிலேயே நிற்கும்; ஒன்றே நீருட் புகும். மேலடுக்கு மட்டும் இருந்தால் கடலின் கொடை அவ்வளவே. கடல் முழுவதும் கலந்துகொள்ளுமாயின் அறுபது மடங்கை அக்காரணியால் வகுக்க ஆறு வரும். சிறு அளவாகச் சேர்ப்பதில் ஏழில் ஆறு பங்கு கடலைச் சேரும். அர்ரீனியசு சொன்ன ஆறில் ஐந்துக்கு இது அண்மையிலேயே நிற்கிறது. அவர் முடிவுநிலையை ஏறக்குறையச் சரியாகவே கண்டார். அந்நிலை வர எத்தனை காலம் ஆகும் என்பதைக் காணவில்லை. மேல்நீர் ஆழ்கடலை அடைந்து கலந்து மீள நூற்றாண்டுகள் பலவும், சில இடங்களில் ஆயிரம் ஆண்டும் ஆகும். மாந்தரோ அத்துணைக் காலம் காத்திருந்து எரிக்கவில்லை.

மாறுகொளக் கூறல்

இவ்வளவு பெரிய உண்மையைக் கண்ட கட்டுரை அதை எங்கே வைத்தது? முடிவில் ஒரு சிறு பகுதியில். அப்பகுதி எழுத்துப்படி உருவானபின் சேர்க்கப்பட்டது என்பதை அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்பென்சர் வியர்ட் எடுத்துக்காட்டியுள்ளார். பிற்சேர்க்கை கட்டுரையின் மற்றப் பகுதிகளைத் திருத்தவில்லை, சுருக்கவுரையையும் மாற்றவில்லை. முற்பகுதியைப் படிப்போர் கடல் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது எனக் கொள்வர். பிற்பகுதியை ஊன்றிப் படிப்போர் கடலுக்கு அவ்வளவு விரைவில் விழுங்கும் ஆற்றல் இல்லை எனக் கொள்வர். ஒரே கட்டுரைக்குள் இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று முகம் பார்க்கவில்லை.

குன்றக் கூறலும் உண்டு. பிற்பகுதியில் எதிர்காலத்தைக் கணக்கிடும்போது, எரிபொருள் எரிப்பு அந்நாளைய அளவிலேயே நிற்கும் எனக் கொண்டு, சில நூற்றாண்டுகளில் காற்றின் கரியமில வாயு நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்படாமல் உயர்ந்து நின்றுவிடும் என்றனர். எரிப்பு மடங்காகப் பெருகினால் நிலைமை வேறாகும் என்பதையும் அவர்களே குறிப்பிட்டனர். எனினும் அதற்குரிய கணக்கை முடித்துக் காட்டவில்லை. 1957இல் எரிபொருளால் எழுந்த கரியமில வாயு ஏறத்தாழ 800 கோடி டன். 2023இல் அது ஏறத்தாழ 3,700 கோடி டன். நின்றவிடத்தில் நிற்கும் எனக் கொண்டது நான்கு மடங்குக்கும் மேல் வளர்ந்துவிட்டது.

அவர்கள் விட்ட கணக்கைச் சுவீடன் அறிஞர்களான பெர்ட் போலினும் எரிக் எரிக்சனும் 1959இல் முடித்தனர். தாங்கும் வேதியியலை நடுவில் வைத்து, பெருகும் எரிப்பையும் சேர்த்து, 2000ஆம் ஆண்டுக்குள் காற்றின் கரியமில வாயு நூற்றுக்கு இருபத்தைந்தளவு உயரும் எனக் கண்டனர். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு, 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 369 பங்காயிற்று. உயர்வு நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது. ரெவெலும் சூஸும் ஓரத்தில் வைத்த பொருளை இவர்கள் நடுவில் வைத்தனர். பொருள் ஒன்றே, வைப்பு முறை வேறு. முறையின் வைப்பு நூலுக்கு அழகு என்று நன்னூலார் கூறியது வீணன்று.

ஆசிரியர் பக்க நியாயம்

இவ்வளவும் பிற்காலத்தில் அமர்ந்துகொண்டு முற்காலத்தாரைக் குறைகூறுவதாகாதா என வினவலாம். வினாவில் நேர்மை உண்டு. காற்றின் கரியமில வாயுவை ஐயமற அளந்த தொடர்பதிவு ஒன்றும் 1957இல் இல்லை. சார்லசு கீலிங் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியது 1958 மார்ச்சில்தான். வாயு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்பதை 1960இல் அவர் அறிவித்ததும் அதே 'டெல்லஸ்' இதழில்தான். கண்ணால் அளந்த எண் இல்லாதபோது, கையில் இருந்த கருவியைக் கொண்டு எழுதினர் என்பது உண்மை.

மேலும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் அறமன்று. தம் கட்டுரையின் போக்குக்கு ஒவ்வாத வேதியியல் உண்மை புலப்பட்டபோது, அதை மறைத்துக் கட்டுரையை அழகாக முடித்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை, ஒவ்வாததையும் அச்சிட்டனர். கீலிங்கின் அளவைப் பணிக்கு ஊக்கமளித்து இடமளித்தவரும் ரெவெலே. 1965இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அறிவியல் அறிவுரைக் குழு அளித்த அறிக்கையில் கரியமில வாயு பற்றிய பகுதியை உருவாக்கிய குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். கட்டுரை தடுமாறியது, கட்டுரையாளர் தேடலை நிறுத்தவில்லை.

ஆயினும் ஆசிரியரின் நேர்மை கட்டுரையின் அமைப்புக் குறையை நீக்கிவிடாது. சுருக்கவுரையை மட்டும் படித்து அமைதியடைந்தோர்க்கு, பிற்சேர்க்கை இருந்தும் இல்லாததாயிற்று.

கடல் இதுவரை செய்த உதவி

கடலைப் பழிப்பதும் பொருந்தாது. உலகக் கடல்களிற் பல்லாயிரம் இடங்களில் நீரெடுத்து ஆராய்ந்து, 1800 முதல் 1994 வரை கடல் ஏற்றுக்கொண்ட மிகுதிக் கரி ஏறத்தாழ 11,800 கோடி டன் என 2004இல் கணக்கிட்டனர். அக்காலத்து எரிபொருளாலும் சிமெண்டாலும் எழுந்த கரியில் அது ஏறத்தாழ பாதி. 1994 முதல் 2007 வரை மேலும் 3,400 கோடி டன் புகுந்தது என 2019இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அது அக்காலத்தில் மாந்தரால் எழுந்த மொத்தக் கரியில் ஏறத்தாழ 31 விழுக்காடு. முன்னதில் எரிபொருளும் சிமெண்டும் மட்டும் கணக்கு. பின்னதில் காடழிப்பும் சேரும். ஆகவே பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைந்தது எனக் கூறுவது பிழையாகும். எண்களை ஒப்பிடுமுன் அவற்றின் அடிமானத்தைப் பார்த்தல் வேண்டும்.

கடல் ஏற்கும் அளவு எல்லாக் காலத்தும் ஒருபடித்தாக இல்லை. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடல் தனியே ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை ஏற்கிறது. 1990களில் அதன் ஏற்பு தளர்ந்ததாகவும், 2000க்குப் பின் மீண்டும் வலுப்பெற்றதாகவும் ஆய்வாளர் கண்டனர். காற்றின் போக்கு, நீரின் வெப்பம், ஆழ்நீர் மேலெழும் அளவு ஆகியவை மாறும்போது கொடுக்கல் வாங்கலும் மாறுகிறது. ரெவெலும் சூஸும் கடலை இரண்டொரு பெட்டிகளாகக் கொண்டு கணக்கிட்டனர். மெய்யான கடலோ பெட்டியன்று. இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் உயிரோட்டமுடையது.

இவ்வுதவிக்குக் கடல் கொடுக்கும் விலையும் உண்டு. மேல்நீரின் பிஎச் அளவு தொழிற்புரட்சிக்கு முன் இருந்த ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1 ஆகக் குறைந்துள்ளது. எண் சிறிது, அமிலத்தன்மையோ நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேல் மிகுந்துள்ளது. பவளமும் சிப்பியும் ஓடு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட் அதனால் குறைகிறது. அதே கார்பனேட் குறைவதனால் கடலின் ஏற்கும் ஆற்றலும் தளர்கிறது. விருந்தோம்புவோன் களைத்துவருகிறான்.

படிக்கும் முறை

இக்கட்டுரையை இன்று இரு சாரார் தவறாகக் கையாளுகின்றனர். ஒரு சாரார், பத்தாண்டு என்னும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, எரிப்பதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் காற்று பழையநிலைக்கு வந்துவிடும் என்பர். உண்மையோ வேறு: காற்றிற் பெருமளவு சேர்த்த கரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கேனும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும் என்பதே இன்றைய ஆய்வுகளின் முடிவு. மற்றொரு சாரார், பேராய்வு என்னும் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு, 1957இலேயே எல்லாம் முன்னறிந்து எச்சரிக்கப்பட்டது என்பர். முன்னவர் கட்டுரையின் முற்பகுதியோடு நின்றனர். பின்னவர் ஒரு வரியோடு நின்றனர். முழுதும் படித்தோர் இருவர் கூற்றையும் ஏற்கார்.

ஆசிரியப் பணியில் உள்ளோர்க்கு இக்கட்டுரை நல்லதொரு பாடப்பொருள். புகழ்பெற்ற தொடரை அதன் இடத்தில் வைத்துப் பொருள் காணவும், ஒரு வினாவுக்குரிய விடையை மற்றொரு வினாவுக்கு ஏற்றிக் கூறாதிருக்கவும், சுருக்கவுரையை நூலின் கருத்தென மயங்காதிருக்கவும் மாணவர்க்கு இதனைக் கொண்டே பயிற்றலாம். மவுனா லோவாவில் 1959இல் பத்து இலட்சத்தில் 316 பங்காக இருந்த கரியமில வாயு 2024இல் 424 பங்கைத் தாண்டியது. அவ்வேற்றத்திற்கான விளக்கம் முதற்பக்கத்துச் சுருக்கவுரையில் இல்லை. பலர் படியாது விட்ட பிற்சேர்க்கையில் உள்ளது.